தகராறு ஒரு பக்கம் நடக்கட்டும், பள்ளிக்கூடத்துப் பணத்தை நிறுத்தாதீர்கள்

பள்ளிக்கூட விஷயத்தில் ஊருக்குள் சண்டை வரக் கூடாது என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உசிலம்பட்டி வட்டாரத்து அரசுப் பள்ளிகளில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது சொந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் கல்வியாளர் என்ற இடத்தில் இருக்கிறேன். யாருமே வாயைத் திறக்காத ஊர்ப் பள்ளிகளையும் பார்த்திருக்கிறேன். அங்கே ஜன்னல் கதவு விழுந்து கிடந்தால் வருஷக் கணக்கில் அப்படியே கிடக்கும். கேள்வி கேட்கிற ஊரில் தலைமையாசிரியருக்குத் தலைவலிதான், ஆனால் பள்ளிக்கூடம் நன்றாக இருக்கும்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறொரு பழக்கத்தின் மேல். தகராறு என்று வந்ததும் இரு தரப்பும் முதலில் கை வைப்பது பணத்தில். செக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒருவர், பில்லை பாஸ் பண்ண மாட்டேன் என்று ஒருவர், மானியத்தை விடுவிக்க மாட்டோம் என்று ஓர் அலுவலகம். மடக்கி வைத்தவருக்கும் கஷ்டமில்லை, யாரைப் பணிய வைக்க மடக்கினாரோ அவருக்கும் பெரிய கஷ்டமில்லை. தகராறு எதைப் பற்றியென்றே தெரியாத பிள்ளைகளும், மாதச் சம்பளத்தை நம்பி வீட்டு வாடகை கட்டுகிறவர்களும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் ஊர்ப் பள்ளியில் பார்த்ததையே மதுரைப் பல்கலைக்கழகத்திலும் பார்க்கிறேன், டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் வழக்கிலும் பார்க்கிறேன்.

முதலில் பள்ளியில் பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன். பெற்றோர்கள் பலருக்கே இது தெரிவதில்லை. ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மானியம் உண்டு. மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துத் தொகை மாறும். 31 முதல் 100 பேர் படித்தால் 25,000 ரூபாய், 250 பேர் வரை 50,000, 1,000 பேர் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு. சாக்பீஸ், சுண்ணாம்பு, மின்விசிறி, தண்ணீர்க் குழாய், உடைந்த பெஞ்சு, இணையக் கட்டணம் எல்லாம் மீதிக்குள் அடங்க வேண்டும். முந்நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 75,000 என்றால், தலைக்கு ஒரு வருஷத்துக்கு 250 ரூபாய்.

அந்தப் பணத்தைச் செலவழிக்கத் தலைமையாசிரியர் ஒருவரின் கையெழுத்துப் போதாது, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரின் கையெழுத்தும் வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21-ஆவது பிரிவில் இந்தக் குழுவைக் கொண்டுவந்தது. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தலைவராக வருபவர் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய். நல்ல ஏற்பாடு. நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு அம்மா, கெசட்டட் அந்தஸ்தில் இருக்கும் தலைமையாசிரியருக்குச் சமமாக உட்கார்ந்து கணக்குக் கேட்கலாம் என்பது சின்ன விஷயமில்லை.

எங்கள் பள்ளியில் அப்படித்தான் ஒருவர் கேட்டார். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் கழிப்பறையைப் பழுது பார்க்க மானியத்திலிருந்து ஒரு தொகை ஒதுக்கியிருந்தோம். பணம் வந்தது ஆண்டுக் கடைசியில். தலைமையாசிரியர் பக்கத்து ஊரிலிருந்து ஒரு கொத்தனாரைப் பிடித்து வேலையைத் தொடங்கிவிட்டார். முக்கால் வேலை முடிந்த நேரத்தில் பில் வந்தது. தலைவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

கூட்டம் ஆறாம் வகுப்பு அறையில் நடந்தது. தலைவர் எழுந்து நின்று பேசினார். "சார், எம் பொண்ணும் இங்கதான ஒன்பதாப்புப் படிக்குது. கக்கூசு கட்டுறதுக்கு நானா குறுக்க நிக்கப் போறேன்? கொத்தனார யாரு கூட்டியாந்தாக, எம்புட்டுக்குப் பேசுனாக, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீகளா? எல்லாம் முடிச்சிட்டு வந்து கையெழுத்துப் போடுன்னா எப்படி சார்?"

தலைமையாசிரியர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. "அம்மா, மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள முடிக்கலைன்னா பணம் நம்ம கையில இருக்காது. மூணு கொட்டேஷன் வாங்குங்கன்னா, இந்தச் சின்ன வேலைக்கு எந்த மேஸ்திரி எழுதிக் குடுக்கறான்?" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். முன்பெல்லாம் மானியம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தால் பள்ளியிலேயே இருக்கும். 2021-க்குப் பிறகு ஒற்றை மையக் கணக்கு முறை வந்துவிட்டது. பள்ளிக் கணக்கில் இருப்பு ஒன்றும் நிற்காது, இவ்வளவு வரை எடுக்கலாம் என்ற வரம்பு மட்டும்தான். மார்ச் 31 தாண்டினால் அந்த வரம்பும் போய்விடும். ஆக, பிப்ரவரியில் ஆரம்பித்த ஒரு வாக்குவாதம் ஏப்ரல் வரை நீண்டால், அதில் யார் ஜெயித்தாலும் கழிப்பறைக்குப் பணம் கிடையாது.

தலைவரின் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நெடுநாளாக இருந்த கசப்பும் இதில் வந்து சேர்ந்துகொண்டது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அடுத்த தெருக்காரர். இங்கே நீங்கள் போடாவிட்டால் அங்கே நான் போட மாட்டேன் என்று அவரும் நிறுத்திக்கொண்டார். பள்ளியைச் சுத்தம் செய்கிற அக்காவுக்கு அந்தக் கழகத்துக் கணக்கிலிருந்துதான் சம்பளம். கொத்தனார் யார், பில் எவ்வளவு என்பதெல்லாம் அவருக்குச் சம்பந்தமே இல்லாத விவகாரம். ஆனாலும் அவருக்குச் சம்பளம் நின்றது. சம்பளம் வராத மாதங்களிலும் காலை எட்டு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அந்த நாட்களில் ஒரு மாலை ஒன்பதாம் வகுப்பு அறைக்குப் போனேன். ஜன்னல் திட்டில் பெண்பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. மணி நாலு. பாட்டில்கள் கழுத்து வரை நிரம்பியே இருந்தன. வெயில் ஏறிய மார்ச் மாதத்தில், காலை ஒன்பது மணிக்கு வந்த பிள்ளைகள் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் பெல் அடிக்கக் காத்திருக்கிறார்கள். குடித்தால் போவதற்கு இடமில்லை. யாரும் அவர்களைக் குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பக்கத்துச் சனங்களுக்கு வாய்க்கால் தகராறு புதிதில்லை. முறைத் தண்ணீரில் வம்பு வந்தாலும், நிற்கிற பயிருக்கு ஒரு நனைப்பு விட்டுவிட்டுத்தான் பஞ்சாயத்துக்கு உட்காருவோம். அதே போல, பணத்தையும் புகாரையும் தனித்தனியே எடுப்போம் என்றேன். ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவர் ஊரில் இருந்தார். அவர் டேப் பிடித்து வேலையை அளந்தார். டைல்ஸ் கணக்கில் பில் கூடுதலாக இருந்தது. அதைக் கழித்துவிட்டு, கட்டியிருக்கிற வேலைக்கு மட்டும் பணம் கொடுப்பது என்று முடிவானது. தலைவரின் ஆட்சேபத்தைத் தீர்மானப் புத்தகத்தில் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதினோம். எழுதியதை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டார், பிறகு பில்லிலும் போட்டார். அடுத்த தெருக்காரருக்கும் அதற்கு மேல் நிறுத்தி வைக்கக் காரணம் இல்லாமல் போனது. கொட்டேஷன் வாங்காத விவகாரத்தைத் தனியாக இரண்டு கூட்டம் பேசினோம், காரசாரமாகவே பேசினோம்.

புகாரை எழுத்தில் பதிவு செய்வதை இங்கே ரொம்பக் குறைத்து மதிப்பிடுகிறோம். தலைவர் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம், கையெழுத்துப் போட்டுவிட்டால் தன் கேள்வி அத்தோடு செத்துப்போகும் என்ற பயம். கேள்வி புத்தகத்தில் ஏறிவிட்டது, அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக அதுதான் வரும் என்று உறுதியானபோது, பணத்தைப் பிணையாக வைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போனது. இப்போது எங்கள் பள்ளியில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் மறுநாள், வாசலில் இருக்கும் கரும்பலகையில் வரவு செலவை எழுதிப் போடுகிறோம். எழுதுவது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். சைக்கிளில் போகிறவர்கூட நின்று படித்துவிட்டுப் போகிறார்.

தலைமையாசிரியர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பணம் இருந்தும் செலவழிக்கப் பயப்படுகிறவர்கள் அவர்களில் நிறைய உண்டு. ஏதோ ஒரு வவுச்சரில் தேதி விட்டுப்போனால் அது தணிக்கைத் தடையாகி, ஓய்வு பெறும் நாளில் நிலுவை இல்லை என்ற சான்று கிடைக்காமல் பணிக்கொடை நின்றுவிடும். முப்பது வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தவர் கடைசி வருஷத்தில் இதற்காக அலுவலகம் அலுவலகமாக அலைவதைக் கண்டவர்கள், மானியத்தைத் தொடாமல் திருப்பி அனுப்புவதே பத்திரம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்குக் கேட்பது சரி. ஆனால் நேர்மையாகச் செலவழித்தவரைவிடச் செலவே செய்யாதவர் நிம்மதியாக ஓய்வு பெறுகிற ஏற்பாடு பள்ளிகளுக்கு நல்லதில்லை.

அரசுப் பணம் போதாது என்பதால் நன்கொடை வேண்டும். இதில் நமக்குப் பழைய பாரம்பரியம் இருக்கிறது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1958 முதல், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊர்க்காரர்கள் கூரைக்கு ஓடும், பெஞ்சும், கடிகாரமும், நிலமும் கொடுத்தார்கள். இன்றைக்கு நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி என்ற பெயரில் 2022 டிசம்பரில் தொடங்கிய திட்டம் அதே வழியில் வருவது. இந்தக் காலத்தில் அப்படி யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு, மதுரை ஒத்தக்கடைப் பக்கம் கொடிக்குளத்தைக் காட்டுவேன். அங்கே நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க, 2024 ஜனவரியில், வங்கிப் பணியாளரான ஆயி என்கிற பூரணம் அம்மாள் தன்னுடைய 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தார். மதிப்பு பல கோடி ரூபாய். இறந்துபோன மகள் ஜனனியின் நினைவாகக் கொடுத்தார். அந்த ஆண்டு குடியரசு நாளில் முதலமைச்சர் அவருக்குச் சிறப்பு விருது வழங்கினார். அந்தச் செய்தியை வாசித்த நாளில் நான் அழுதேன். இன்னொரு பள்ளியில், கல்வெட்டில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று இரண்டு நன்கொடையாளர்களுக்குள் வந்த பேச்சில், கட்டிய வகுப்பறை திறக்கப்படாமல் பூட்டிக் கிடந்ததையும் பார்த்தவன் நான்.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய பெரிய விவாதம் ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உள்ளன. கள்ளர் உள்ளிட்ட சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் காலத்தில் தொடங்கியவை அவை. 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது, பள்ளிகள் நிலைத்தன. 2023-24 நிதிநிலை அறிக்கையில், வெவ்வேறு துறைகளின் கீழுள்ள பள்ளிகளை எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக அரசு அறிவித்தது. 2024 ஜூனில், மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. உசிலம்பட்டியில் கடும் எதிர்ப்பு எழுந்தது. சாதிப் பெயர் பள்ளி வாசலில் வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் எதிர்க்கிறவர்களின் பேச்சை உட்கார்ந்து கேட்டால், பெயரைவிடப் பெரிய கவலை ஒன்று தெரியும்: துறை மாறினால் நமக்கென்று இருக்கும் விடுதியும் பணியிடமும் ஒதுக்கீடும் எங்கே போகும்? அதற்கு எழுத்தில் பதில் கொடுக்க வேண்டியது அரசின் பொறுப்பு. அந்தப் பதில் வரும் வரைக்கும், எந்தத் துறையின் கீழ் இருந்தாலும் அந்தப் பள்ளிகளின் காலி இடங்களை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முடிவு தெரியட்டும் பார்க்கலாம் என்று ஒரு வருஷம் தள்ளிப்போட்டால், கணக்கு ஆசிரியர் இல்லாமல் ஒரு பத்தாம் வகுப்பு பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடும்.

இனி பல்கலைக்கழகம். மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் தொடங்கியது, முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். 1978-இல் காமராசர் பெயர் சேர்ந்தது. 1971-இல் அஞ்சல்வழிக் கல்வி வந்தது. வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்பு முடித்த என் தலைமுறை ஆசிரியர்கள் ஏராளமானோர் அந்த வழியில் வந்தவர்கள், நானும்தான். பாடப்புத்தகக் கட்டு தபாலில் வரும் நாள் எங்கள் வீட்டில் விசேஷ நாள் மாதிரி இருக்கும். அந்த அஞ்சல்வழிக் கட்டணம்தான் பல்கலைக்கழகத்துக்கும் நல்ல வருமானம். பிறகு பல்கலைக்கழக மானியக் குழு, மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே தொலைநிலைக் கல்வி நடத்தக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. அதற்கு முன்பே, 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிறந்தபோது தென்மாவட்டக் கல்லூரிகள் பிரிந்து போயிருந்தன. தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துகின்றன. வருமானம் இப்படி ஒவ்வொரு வாசலாக அடைபட்டது. செலவு குறையவில்லை, முக்கியமாக ஓய்வூதியம். அரசுப் பள்ளியில் ஓய்வு பெற்ற எனக்குக் கருவூலத்திலிருந்து மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றவருக்குப் பல்கலைக்கழகமே தன் வருமானத்திலிருந்து கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு வருஷம் ஓய்வு பெறுகிறவர்கள் கூடுவார்கள், கட்டணம் கட்டும் மாணவர்கள் குறைவார்கள். இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்பளமும் ஓய்வூதியமும் மாதக் கணக்கில் தாமதமாவதும், எழுபது வயதைத் தாண்டியவர்கள் பல்கலை நகரில் வெயிலில் உட்கார்ந்து போராடுவதும் சில ஆண்டுகளாக மதுரைக்காரர்கள் பார்த்துவரும் காட்சி.

இதன் மேல்தான் தகராறுகள் வந்து ஏறின. 2018 ஜூனில் அப்போதைய துணைவேந்தரின் நியமனத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024-இல் இன்னொரு துணைவேந்தர் பதவிக்காலம் முடியும் முன்பே விலகினார், நிர்வாகம், துணைவேந்தர் இல்லாத காலத்தில் பொறுப்பைப் பார்க்கும் கன்வீனர் குழுவின் கைக்குப் போனது. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து அரசுக்கு மாற்றும் சட்டத் திருத்த மசோதாக்களை ஆளுநர் நிறுத்தி வைத்தது பற்றிய வழக்கில், 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றத்தில் மாநில அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மே மாதமே உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத் திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அரசியலமைப்பைப் பற்றிய பெரிய கேள்விகள் இவை, நிதானமாகவே முடிவாகட்டும். ஆனால் முழுநேரத் தலைமை இல்லாத நிறுவனம் அரசிடம் பணம் கேட்டு யார் மூலம் போய் நிற்கும்? பழைய தணிக்கை ஆட்சேபங்களுக்குப் பதில் எழுதி முடிப்பது யார்? பதில் போகாததால் மானியம் குறைகிறது, மானியம் குறைவதால் சம்பளம் நிற்கிறது.

தணிக்கை ஆட்சேபம் இருந்தால் பணம் கொடுக்க முடியாது என்பார்கள் நிதித் துறையினர். அவர்கள் வாதத்தை நான் ஒதுக்கவில்லை. கெடுபிடி இல்லையென்றால் கணக்குக் கொடுக்க யாரும் அவசரப்பட மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் 10 லட்சத்துக்கு ஆட்சேபம் இருந்தால் அந்த 10 லட்சத்தை நிறுத்தி வையுங்கள். ஒப்புதல் இல்லாமல் ஒருவரை நியமித்தவர் யாரோ, அவரிடம் வசூலியுங்கள், சம்பளத்தில் பிடிக்க விதி இருக்கிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு நிர்வாகி போட்ட உத்தரவுக்காக, அன்றைக்கு லைப்ரரியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தவரின் இன்றைய மருந்துச் செலவை நிறுத்துவது எந்தத் தணிக்கை விதியிலும் சேராது. ஓய்வூதியத்தைப் பல்கலைக்கழகத்தின் அன்றாட வரவு செலவிலிருந்து பிரித்து, அரசு பொறுப்பேற்கும் தனி நிதியாக்க வேண்டும். அது நடக்காமல் வேறு எந்தச் சீர்திருத்தம் பேசினாலும் பாதியில் நிற்கும்.

டெல்லி விவகாரத்திலும் இதுதான். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதியில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியது. அந்தக் கல்விக் கொள்கையில் உள்ள மும்மொழிக் கொள்கையை ஏற்பதா வேண்டாமா என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு, இருமொழியே போதும் என்பவன் நான். வேறு கருத்து உள்ளவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். நான் மேலே சொன்ன 75,000 ரூபாயும், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்களும், பகுதிநேர ஆசிரியர்களின் சம்பளமும் அந்த நிதியோடு பின்னிக் கிடப்பவை. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கிய 25 சதவீத இடங்களுக்கான சேர்க்கை அந்த ஆண்டு தடைபட்டபோது, ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது: கல்வி உரிமைச் சட்டத்துக்கான பங்கை மற்றத் தகராறோடு கட்டிவைக்க வேண்டியதில்லை, அதைத் தனியே பிரித்து வழங்குவதை ஒன்றிய அரசு பரிசீலிக்க வேண்டும். மாநில அரசும் தன் கடமையிலிருந்து விலக முடியாது என்றும் சொன்னது.

ஒன்றிய அரசைக் கேட்கிற நாம், மாநிலத்துக்குள் நடப்பதையும் கேட்க வேண்டும். அரசுக் கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களுக்கு 2025-இல் மாதம் 25,000, அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதம். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இலேயே 50,000 வரை கொடுக்கலாம் என்றது. மேலாண்மைக் குழு வழியாக எடுக்கும் தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு 12,000. இவர்கள் யாருடைய சண்டையிலும் ஒரு தரப்பு இல்லை. ஏதாவது ஒரு கோப்பு நின்றால் முதலில் நிற்பது இவர்கள் சம்பளம்.

எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் வைக்கப் போகிறேன். சம்பளம், தண்ணீர், கழிப்பறை ஆகிய மூன்றுக்கான செலவைப் புகாரைக் காரணம் காட்டி யாரும் நிறுத்தக் கூடாது, புகார் தனியே பதிவாகி அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக வர வேண்டும் என்பது ஒன்று. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட வேலைக்குக் கொட்டேஷன் இல்லாமல் தொடங்கக் கூடாது என்பது இன்னொன்று. தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். முதல் தீர்மானத்துக்குச் சரி என்றார். இரண்டாவதில், "ஐயாயிரம் கூடுதல் சார், மூவாயிரம்னு எழுதுங்க" என்கிறார். தலைமையாசிரியர் பத்தாயிரமாவது வேண்டும் என்கிறார். இருவரும் அவரவர் காரணத்தை எழுதிக்கொண்டு வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.